போனில் இடமில்லை, கேமோ 20 ஜிபி: எந்த வழி யாருக்குச் சரி?

"ஸ்டோரில் 1 ஜிபிக்கும் குறைவாகத்தான் போட்டிருந்தது. திறந்த பிறகு இன்னும் 18 ஜிபி கேட்கிறது. இப்போது என்ன செய்வது?" பெரிய மொபைல் கேம்கள் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: "மெமரி கார்டு போட்டால் போதுமா, இல்லை போனையே மாற்ற வேண்டுமா?"

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் நான்கு வழிகள் இருக்கின்றன. கையில் என்ன போன், என்ன இணைப்பு, அந்த கேமை எவ்வளவு விளையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் ஆறு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## அந்த 1 ஜிபி ஏன் 20 ஜிபி ஆகிறது?

ஆப் ஸ்டோர்கள் ஆரம்பத்திலிருந்தே ஆப்பின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கூகுள் பிளேயில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும்) கோப்பு 50 எம்பியைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. 2015இல் அதை 100 எம்பி ஆக்கினார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தலா 2 ஜிபி வரை ஓபிபி எனும் கூடுதல் தரவுக் கோப்புகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டிலிருந்து புதிய ஆப்கள், ஒவ்வொரு போனுக்கும் தேவையான பகுதியை மட்டும் அனுப்பும் 'ஆப் பண்டில்' வடிவத்துக்கு மாறின. பெரிய கோப்புகளைத் தனித்தனிப் பொதிகளாக அனுப்பும் முறை அதோடு சேர்ந்தது. ஆப்பிள் பக்கம் 2015இல் வரம்பு 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆனது.

ஆனால் இன்றைய பெரிய கேம்கள் இந்த வரம்புகளுக்குள் அடங்குவதில்லை. அதனால் ஸ்டோரில் இருப்பது பெரும்பாலும் வாசல் மட்டும்தான். வரைபடங்கள், குரல் பதிவுகள், ஆடைகள், காட்சிகள் எல்லாம் முதல்முறை திறக்கும்போது அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராக இறங்கும். ஸ்டோர் காட்டும் எண்ணை நம்பி இடம் ஒதுக்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

இன்னொரு விஷயம், அப்டேட். 2 ஜிபி அப்டேட்டுக்கு 2 ஜிபி காலியாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுருக்கிய கோப்பு இறங்க ஓரிடம், அதைப் பிரித்து வைக்க இன்னோர் இடம் தேவைப்படும். "இடம் இருக்கிறதே, ஏன் நின்றுவிட்டது?" என்று குழம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

1. உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கும், எத்தனை நாள் தாங்கும்? நாளைக்கே மறுபடி நிரம்பிவிடும் இடம் கணக்கில் சேராது.
2. கேம் முன்பு போலவே ஓடுமா? ஏற நேரமாகிறதா, நடுவில் தடுக்கிறதா?
3. மறுபடி எவ்வளவு டேட்டா செலவாகும்? வரம்பில்லாத வைஃபை இருப்பவருக்கும் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு.
4. சேர்த்து வைத்தது போய்விடும் ஆபத்து உண்டா? கேமில் எட்டிய நிலை, வாங்கிய பொருள்கள், குடும்பப் படங்கள், எதுவாக இருந்தாலும்.
5. கையிலிருந்து பணம் போகுமா, திரும்பத் திரும்பப் போகுமா?

நான்காவதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் முதலில் வர வேண்டியது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு அட்டவணை:

| வழி | கிடைக்கும் இடம் | கண்ணில் படாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| கேமுக்குள் சுத்தம் செய்வது | ஓரளவு. சில கேம்களில் நிறைய | விட்ட பகுதி தேவைப்பட்டால் மறுபடி இறக்க வேண்டும் | தினமும் விளையாடுபவர் |
| ஆர்க்கைவ், ஆஃப்லோடு, அன்இன்ஸ்டால் | கேமைப் பொறுத்து மிகவும் மாறும் | டேட்டா, அக்கவுண்ட் ஆபத்து | மாதக்கணக்கில் தொடாதவர் |
| படம், வீடியோவை வெளியே நகர்த்துவது | பெரும்பாலும் இதில்தான் அதிகம் | கிளவுட் சந்தா, தவறி அழியும் ஆபத்து | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| கேமை மெமரி கார்டுக்கு மாற்றுவது | கார்டின் அளவு | வேகம், கார்டு பழுது | கார்டு வசதியும் சிறிய கேம்களும் உள்ளவர் |
| கிளவுட் கேமிங் | முழுவதும் | ஒவ்வொரு மணி நேரமும் டேட்டா | வரம்பில்லாத நல்ல இணைப்பு உள்ளவர் |
| பெரிய ஸ்டோரேஜ் போன் | நிரந்தரம் | ஒருமுறை பெரிய செலவு | எப்படியும் போன் மாற்றப்போகிறவர் |

## 1. கேமுக்குள்ளேயே சுத்தம் செய்வது

இதைச் செய்யாமல் வேறு எதற்கும் போக வேண்டாம். பல பெரிய கேம்கள் தங்கள் பொதிகளைத் தனித்தனியாக நீக்க விடுகின்றன. பப்ஜி மொபைலில் விளையாடாத மேப்புகளின் பொதிகளை எடுத்துவிடலாம். கென்ஷின் இம்பாக்டில் பயன்படுத்தாத குரல் மொழியையும், ஏற்கெனவே முடித்த கதைப் பகுதிகளின் கோப்புகளையும் செட்டிங்ஸுக்குள்ளேயே நீக்கலாம். கேட்காத ஒரு மொழியின் குரல் பதிவு பல ஜிபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்தால் விளையாட்டில் எதுவும் குறையாது.

கிராஃபிக்ஸ் தரத்துக்கென்று தனி எச்டி பொதி இருந்தால் அதையும் பாருங்கள். நடுத்தரத் திறன் போனில் அந்தப் பொதி இறங்கியிருந்தாலும் கேம் அந்தத் தரத்தில் ஓடாது. இடம்தான் வீண்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆப்பின் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ஒன்று 'கிளியர் கேஷ்', மற்றொன்று 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்'. கேஷ் என்பது தற்காலிகக் கோப்புகள்; அதை அழித்தால் ஒன்றும் ஆகாது, தேவையானது மறுபடி சேர்ந்துகொள்ளும். டேட்டாவை அழித்தால் கேம் புதிதாக நிறுவியது போல ஆகிவிடும்.

நான் ஒருமுறை இரண்டாவது பட்டனை அழுத்தினேன். எட்டு மாதமாக விளையாடிய கேம். எந்த அக்கவுண்ட்டோடும் இணைக்காமல் கெஸ்ட்டாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி திறந்ததும் நிறுவனத்தின் சின்னம் வந்தது, கீழே டவுன்லோடு கோடு பூஜ்ஜியத்திலிருந்து ஓட ஆரம்பித்தது, அப்புறம் 'பெயர் சூட்டுங்கள்' என்று கேட்டது. உதவி மையத்துக்கு எழுதினேன். பிளேயர் ஐடி எண்ணைக் கேட்டார்கள். நான் அதை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அத்தோடு முடிந்தது.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: கேமை கூகுள், ஆப்பிள் அல்லது வேறொரு நிரந்தர அக்கவுண்ட்டோடு இணையுங்கள். பிளேயர் ஐடி தெரியும் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனுக்கு வெளியே வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

## 2. ஆர்க்கைவ், ஆஃப்லோடு, அன்இன்ஸ்டால்

ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து 'ஆஃப்லோடு ஆப்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2023இல் கூகுள் பிளே தானாக ஆர்க்கைவ் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல் அது சிஸ்டத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே யோசனைதான்: ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு, உங்கள் தரவையும் ஐகானையும் விட்டு வைப்பது. ஐகானைத் தொட்டால் ஆப் மறுபடி இறங்கும்.

சாதாரண ஆப்களுக்கு இது அருமையான வசதி. பெரிய கேம்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. என் தம்பியின் ஐபோனில் பார்த்தபோதுதான் இது எனக்கே புரிந்தது. ஸ்டோரேஜ் பக்கத்தில் அந்த கேமைத் திறந்தால் இரண்டு வரிகள்: 'ஆப் சைஸ்' 3 ஜிபி சொச்சம், அதன் கீழே 'டாக்குமெண்ட்ஸ் அண்டு டேட்டா' 17 ஜிபி. திறந்த பிறகு இறங்கிய வரைபடங்களும் குரல்களும் எல்லாம் இரண்டாவது வரியில் உட்கார்ந்திருந்தன. ஆஃப்லோடு அந்த வரியைத் தொடவே தொடாது. 20 ஜிபி கிடைக்கும் என்று நம்பி அழுத்தினான், 3 ஜிபிதான் கிடைத்தது. கேமையும் விளையாட முடியாது, இடமும் இல்லை.

ஆகவே பட்டனை அழுத்தும் முன் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். ஆண்ட்ராய்டிலும் ஆப், தரவு, கேஷ் என்று பிரித்துக் காட்டும். ஆப்பின் பங்கு பெரியது என்றால் ஆர்க்கைவ் செய்யலாம். தரவின் பங்கு பெரியது என்றால் ஒன்று கேமுக்குள் சுத்தம் செய்ய வேண்டும், இல்லை முழுவதும் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

அன்இன்ஸ்டால் செய்தால் இடம் முழுவதும் வந்துவிடும், உண்மை. ஆனால் ஆசை வந்து மறுபடி போட்டால் 20 ஜிபி மறுபடி இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் வருடத்துக்கு 120 ஜிபி. மொபைல் டேட்டாவில் இருப்பவர்களுக்கு இது பெரிய சுமை. மூன்று மாதமாகத் தொடாத கேமுக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. கேமை விட்டுவிட்டு, படங்களை நகர்த்துவது

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான பதில். கேம் பெரியது என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வீடியோக்களும் வாட்ஸ்அப்பும் அதைவிட அதிக இடம் பிடித்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கும்: 4கே தரத்தில் 60 ஃபிரேம் வீதம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிபி. ஒரு கல்யாணத்தையோ ஒரு பள்ளி விழாவையோ முழுதாகப் பதிவு செய்தால் ஒரு பெரிய கேமின் இடம் போய்விடும். அதே செட்டிங்ஸில் 1080பி, 30 ஃபிரேம் என்று மாற்றினால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். போன் திரையில் பார்ப்பதற்கு அதுவே தாராளம்.

வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா' பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது; 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும் பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றையும் தனியாகப் பட்டியலிட்டுத் தரும். டெலிகிராமில் இன்னும் சுலபம். அனுப்பியவை எல்லாம் அவர்கள் சர்வரில் இருப்பதால் போனில் உள்ள கேஷை அழித்தாலும் எதுவும் தொலையாது, தேவைப்படும்போது மறுபடி இறங்கும்.

படங்களை எங்கே அனுப்புவது? கிளவுடில் இலவச இடம் குறைவு. கூகுளில் 15 ஜிபி, அதையும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். ஐகிளவுடில் 5 ஜிபி. அதைத் தாண்டினால் மாதச் சந்தா. சந்தா பிடிக்காதவர்கள் பென்டிரைவிலோ வெளி எஸ்எஸ்டியிலோ போட்டு வைக்கலாம். ஐபோன் 15இலிருந்து டைப்-சி வந்துவிட்டதால் அங்கும் நேராகச் சொருகலாம். ஆனால் கேமை அந்த டிரைவிலிருந்து ஓட்ட முடியாது, படமும் வீடியோவும்தான்.

இதில் ஆபத்து எங்கே என்றால், அழிக்கும் விதத்தில். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தைச் சாதாரணமாக அழித்தால் போனிலும் கிளவுடிலும் சேர்ந்தே போகும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்தினால்தான் போனிலிருந்து மட்டும் போகும். ஐகிளவுடிலும் இப்படித்தான்; போனில் அழித்தால் எங்கும் அழியும். அங்கே 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தையின் முதல் வருடப் படங்களை இந்தக் குழப்பத்தில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நிதானமாகச் செய்யுங்கள். சரி, அழித்த பிறகும் இடம் வரவில்லையா? குப்பைத்தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' 30 நாள் வரை வைத்திருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

## 4. கேமை மெமரி கார்டுக்கு மாற்றுவது

முதலில் உங்கள் போனில் கார்டு போட இடம் இருக்கிறதா? ஐபோனில் எப்போதும் இருந்ததில்லை, கூகுள் பிக்சலிலும் இல்லை. சாம்சங் 2021இல் கேலக்ஸி எஸ்21 வரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

இருந்தாலும் எல்லா கேமும் நகராது. கேமை உருவாக்கியவர் அனுமதித்திருந்தால்தான் நகரும், அனுமதித்தாலும் பல போன்களில் ஒரு பகுதி மட்டும்தான் போகும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் கார்டை உள் ஸ்டோரேஜோடு ஒன்றாக இணைக்கும் வசதி வந்தது. ஆனால் பல நிறுவனங்கள் அதைத் தங்கள் போன்களில் மறைத்துவிட்டன. இருக்கும் போனிலும், இணைக்கும்போது கார்டில் இருப்பது எல்லாம் அழியும், கார்டு அந்த ஒரு போனுக்கு மட்டும் பூட்டப்படும். நடுவில் கழற்றினால் அதில் இருந்த ஆப்கள் வேலை செய்யாது.

வேகத்தைப் பார்க்கலாம். போன்களில் அதிகம் ஆதரிக்கப்படும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வரம்பு விநாடிக்கு 104 எம்பி. பழைய வகை உள் ஸ்டோரேஜான இஎம்எம்சி 5.1இன் வரம்பே 400 எம்பி. புதிய வகையான யுஎஃப்எஸ் 3.1 என்றால் 2,900 எம்பி வரை. திறந்தவெளி கேமில் ஓடிக்கொண்டே இருக்கும்போது எதிரில் மரமும் வீடும் தாமதமாக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்டிலிருந்து ஓட்டினால் அது தினசரி அனுபவம் ஆகிவிடும்.

அப்படியும் கார்டுதான் வழி என்றால், அட்டையில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். ஏ1 அல்லது ஏ2 குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆப் ஓட்டுவதற்கென்று வகுத்த தரம் அது. சிறு சிறு கோப்புகளைத் தேடிப் படிக்கும் திறன் ஏ1இல் விநாடிக்குக் குறைந்தது 1,500 முறை, ஏ2இல் 4,000 முறை. ஏ2இன் முழுப் பலன் போனும் அதை ஆதரித்தால்தான் கிடைக்கும்.

என் கருத்து: கார்டு படங்களுக்கு, பாட்டுக்கு, இறக்கி வைத்த சினிமாக்களுக்கு அருமையான இடம். அவற்றை அங்கே அனுப்பிவிட்டு, காலியான உள் ஸ்டோரேஜை கேமுக்குக் கொடுங்கள். கேமைக் கார்டுக்கு அனுப்ப வேண்டாம். புதிர், சீட்டு, சதுரங்கம் போன்ற சிறிய கேம்கள் மட்டும் விதிவிலக்கு.

## 5. கிளவுட் கேமிங்

கேம் தொலைவில் ஒரு கணினியில் ஓடும், போனில் காட்சி மட்டும் வரும். ஜிஃபோர்ஸ் நவ், எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் போன்றவை இந்த வகை. போனில் இடம் கிட்டத்தட்ட தேவையே இல்லை.

ஆனால் இடத்தில் மிச்சமானது டேட்டாவில் போகும். ஜிஃபோர்ஸ் நவ் 720பி தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 15 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) வேகம் கேட்கிறது. அந்த வேகம் முழுதாகப் பயன்பட்டால் மணிக்கு 6.75 ஜிபி. மூன்று மணி நேரம் விளையாடினால் 20 ஜிபி, அதாவது அந்தக் கேமையே ஒருமுறை இறக்கியிருக்கலாம்! இணைப்பு தடுமாறினால் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே தாமதம் வேறு. துப்பாக்கிச் சண்டை கேம்களில் அது தாங்காது.

இன்னும் இரண்டு விஷயங்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் கணினிக்கும் கன்சோலுக்கும் எழுதிய கேம்கள். உங்கள் மொபைல் கேம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்புறம், சேவை மூடப்படலாம். கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18இல் நின்றுபோனது. வாங்கிய கேம்களுக்குப் பணம் திரும்பியது, ஆனால் விளையாட இடமில்லாமல் போனது.

வீட்டில் வரம்பில்லாத, நிலையான வைஃபை இருந்து, ஒரு பெரிய கேமை இறக்காமலே சில மணி நேரம் விளையாட வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

## 6. பெரிய ஸ்டோரேஜ் உள்ள போன்

இதற்காக மட்டும் நன்றாக ஓடும் போனை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், கேமராவுக்கும் நிறத்துக்கும் முன்னால் ஸ்டோரேஜைப் பாருங்கள். பேட்டரியை மாற்றலாம், திரையை மாற்றலாம். உள் ஸ்டோரேஜை வாங்கிய பிறகு கூட்ட முடியாது.

பெட்டியில் 128 ஜிபி என்று இருந்தால் 128 ஜிபியும் உங்களுக்கு இல்லை. நிறுவனங்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகின்றன. 1,024இன் மடங்கில் எண்ணினால் அது 119தான். அதிலிருந்து சிஸ்டமும் முன்பே ஏற்றிய ஆப்களும் போகும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ரேமைக் கூட்டிக் காட்டும் வசதியும் சில ஜிபியை எடுத்துக்கொள்ளும். சாம்சங்கில் அதற்கு 'ரேம் பிளஸ்' என்று பெயர். குறைத்துவிட்டால் அந்த இடம் திரும்பிவிடும். புதிய போன் வாங்காமலே கிடைக்கும் இடம் இது, இப்போதே பாருங்கள்.

அளவு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, வகையையும் பாருங்கள். இஎம்எம்சி 128 ஜிபியா, யுஎஃப்எஸ் 128 ஜிபியா என்று விவரப் பட்டியலில் எழுதியிருக்கும். பெரிய கேம் ஓட்டுபவர் யுஎஃப்எஸ் இல்லாத போனை எடுக்க வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு நான் செய்யும் கணக்கு இது. இப்போதைய போனின் ஸ்டோரேஜ் பக்கத்தில் பயன்பாட்டில் இருக்கும் மொத்த அளவை எடுங்கள். ஒரு வருடத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்பது நினைவிருந்தால், கூடியதை இன்னும் மூன்று வருடத்துக்குச் சேருங்கள். ஒரு பெரிய கேமுக்கு 30 ஜிபி வீதம் கூட்டுங்கள். வரும் தொகைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், விளிம்பு வரை நிரம்பினால் எழுதும் வேகமும் குறையும். உதாரணமாக இப்போது 90 ஜிபி, வருடத்துக்கு 15 கூடுகிறது, இரண்டு பெரிய கேம் என்றால் 195 ஜிபி ஆகிறது. காலி இடத்தையும் சேர்த்தால் 228. அவருக்கு 128 ஜிபி போன் முதல் வருடத்திலேயே போதாது, 256 ஜிபிதான் எடுக்க வேண்டும்.